சல்யூட் அடித்த நெல்

எங்கள் ஹோக்லாடாங்காவில் அடிகுழாய்களுக்கு நிறம் உண்டு. பச்சை அடித்ததில் குடிக்கலாம், சிவப்பு அடித்ததில் ஆர்சனிக் விஷம், குடிக்கக் கூடாது. சேர்மன் மொதாஹர் ஹொசைன் வீட்டுக் குழாய் மட்டும் பொன்னிறம். பரிசோதனை செய்தவன் சிவப்பு டப்பாவைத் திறந்ததும் சேர்மன் அவனுக்கு டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு, ஆளை அனுப்பித் தங்க பெயிண்ட் வாங்கி வந்து அடித்துவிட்டார். அந்தத் தண்ணீரை அவர் குடிப்பதில்லை. அவருக்கு டவுனிலிருந்து பாட்டில் வருகிறது. குழாய், வீட்டுக்கு வந்தவர்கள் பார்ப்பதற்கு.

குழாய்க்கு நிறம் அடித்தவர்களுக்குச் சோற்றுக்கு நிறம் அடிக்கத் தோன்றவில்லை. மழையில்லாத மாதங்களில் போடுகிற போரோ நெல்லுக்கு நாங்கள் பாய்ச்சுவது சேர்மனின் பம்புத் தண்ணீர். அதுவும் அதே பூமியிலிருந்துதான் வருகிறது. குடித்தால் விஷம், நெல் குடித்துவிட்டு நமக்குக் கொடுத்தால் சோறு என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

கமருனின் புருஷன் இத்ரிஸுக்கு அந்த நிம்மதி முதலில் போனது. மார்பெல்லாம் புழுதியில் விழுந்த மழைத்துளி மாதிரி புள்ளிகள். உள்ளங்கை பாகற்காய்த் தோல். இடது கை நடுவிரலில் ஒரு புண் வந்து, ஆறாமலே இருந்து, குல்னா ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டார்கள். எடுத்த டாக்டர் கேட்டார்:

“தண்ணிய மாத்திட்டீங்களா?”

“மாத்தியாச்சு சாப். மதரஸா பச்சைக் குழாயிலிருந்து இவதான் சுமக்குறா.”

“சோறு எங்க விளையுது?”

 டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே, “சோத்தையும் மாத்துங்க. இல்லேன்னா அடுத்த தடவை விரலோட நிக்காது, கையைக் கேக்கும்” என்றார்.

கமருன் தண்ணீரை மாற்றிவிட்டாள். சோற்றை எங்கே போய் மாற்றுவது? சந்தையில் வாங்கினாலும் அது பக்கத்து வயலில் அதே பம்பு நீர் குடித்து வளர்ந்த நெல்தான்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து லுத்ஃபா ஆபா வந்தாள். ஊருக்கெல்லாம் ஆபா, அக்கா. மண் ஆராய்ச்சிக்காரி, எங்கள் வயல்களில் கண்ணாடிக் குழாய்களைச் செருகிக்கொண்டு திரிந்தவள். ஒரு மத்தியானம் கமருன் வீட்டு முற்றத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டே, கமருனைப் பாபி, அதாவது அண்ணி, என்று கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“மண்ணுல இரும்புத் துரு இருக்கு பாபி. ஆர்சனிக் அந்தத் துருவைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு சும்மாக் கிடக்கும். ஆனா மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா கோடிக்கணக்குல இருக்கு. காத்து இருக்கிற வரைக்கும் அதுங்க காத்தை மூச்சா விட்டுக்கிட்டு ஒழுங்கா இருக்கும். வயல்ல எப்பவும் தண்ணி நின்னா காத்து உள்ள போகாது. அப்ப மூச்சுக்குப் பதிலா துருவைப் பிடிச்சிக் கரைக்கும். துரு கரைஞ்சா ஆர்சனிக் அவுந்து தண்ணிக்கு வந்துடும். வேர் உறிஞ்சிடும்.”

“மருந்தடிச்சுக் கொன்னுடலாமே ஆபா” என்றான் இத்ரிஸ்.

“நெல்லுக்குச் சோறு போடறதும் அதுங்கதான். கொன்னா நெல்லும் சேர்ந்து போயிடும்.”

கமருன் யோசித்தாள். “அப்ப தப்பு அதுங்க மேல இல்ல. மூச்சு முட்டினா யாரா இருந்தாலும் கையில கிடைச்சதைத்தான் பிடிப்பாங்க.”

“அதேதான். அதனால மூச்சு முட்ட விடாதீங்க. காய்ச்சலும் பாய்ச்சலுமாப் போகட்டும். முக்கியமா நெல் சூல் கட்டறதுக்கு முன்னாடி, மண்ணு வெடிப்பு விடற அளவுக்குக் காயணும். அந்த நேரம் தப்பினா அப்புறம் காயவச்சும் பிரயோஜனம் இல்ல. இன்னொண்ணு, சாணி, அழுகின தழை எதையும் கொட்டாதீங்க. அது அதுங்களுக்கு விருந்து. தின்னுட்டு ரெண்டு மடங்கு வேலை பார்க்கும்.”

போன வருஷம் ஒரு மூலையில் மட்டும் அப்படிச் செய்து பார்த்தார்கள். அந்த அரிசியைச் சோதித்த லுத்ஃபா, ஆர்சனிக் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது என்றாள். இத்ரிஸ் மட்டும் சாப்பிடுகிற மாதிரி கமருன் அதைத் தனிப் பானையில் வைத்திருந்தாள். மூலை நெல் எத்தனை நாள் வரும். இந்த வருஷம் வயல் முழுவதையும் காயப்போடுவது என்று முடிவானது. வருஷம் முழுக்க அவன் நல்ல சோறு தின்னலாம். கை தப்பும்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். எங்கள் ஊரில் போரோ காலத்தில் காய்ந்து கிடக்கிற வயல் ஒரு மானக்கேடு. ஒன்று வயல்காரன் செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பம்புக்காரரோடு பகையாகியிருக்க வேண்டும். வரப்பு வரைக்கும் தளும்புகிற தண்ணீரை வைத்துத்தான் ஒருவனுக்குச் சேர்மனிடம் எவ்வளவு செல்வாக்கு என்று அளப்போம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள்.

கமருனின் வயல் வெடித்ததும் ஊருக்கு நல்ல பொழுதுபோக்காயிற்று. பம்பு ஓட்டும் கெராமத், சேர்மனின் தூரத்து மருமகன், வரப்பில் நின்று கேட்டான்:

“பாபி, சேர்மன் சாப்கூட சண்டையா? சொன்னா நான் சமாதானம் பண்ணி வைக்கிறேன். உன் வயலைப் பார்த்தா எனக்கே நாக்கு வறளுது.”

“வறண்டா பச்சைக் குழாயில குடி. உன் பம்புல வாய் வைக்காத.”

“பம்புக்காரன் பம்புல குடிக்காம மதரஸாவுக்கு நடந்தா சாப் என்ன நினைப்பாரு?”

இதற்கிடையில் லுத்ஃபாவின் ஆராய்ச்சி பற்றி ஒரு பத்திரிகையில் நாலு வரி வந்தது. சேர்மன் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். சில நாளில் கமருன் வயலின் தலைமாட்டில் ஒரு போர்டு முளைத்தது: “மொதாஹர் ஹொசைன் ஆர்சனிக் இல்லா மாதிரி வயல்.” எழுத்தைவிட அவர் படம் பெரிது. போர்டைவிட அதைத் தாங்கின கம்பங்கள் பெரிது. காலை வெயிலில் அதன் நிழல் பாதி நாற்றை மூடியது. வயல் யாருடையது என்று போர்டில் இடம் இல்லாமல் போய்விட்டது.

திறந்து வைக்க மந்திரி வருவதாக முடிவானது. நாளும் குறித்தார்கள். சேர்மன் தம் பரிவாரத்தோடு வயலைப் பார்க்க வந்தார். வரப்பில் ஏறினார், குனிந்தார், நிமிர்ந்தார்.

“இது என்ன, பிச்சைக்காரன் குதிகால் மாதிரி? இதையா மந்திரிக்குக் காட்டுறது?”

“சேர்மன் சாப், வெடிப்புதான் திட்டமே” என்றாள் லுத்ஃபா.

“திட்டம் உள்ள இருக்கட்டும் ஆபா, யாரு வேணாம்னா? வெளிய அழகு இருக்கட்டும். போர்டு தண்ணியில தெரியணும்னு போட்டோக்காரன் சொல்றான். மண்ணுல தெரியுமா?”

“தண்ணி தேங்கினா ஆர்சனிக் நெல்லுக்குள்ள இறங்கும்.”

“மந்திரி வந்து போற வரைக்கும் இறங்காம இருக்கச் சொல்லுங்க. நீங்கதானே அதுங்ககூடப் பேசறவங்க.”

பரிவாரம் சிரித்தது. லுத்ஃபா தன் மேலதிகாரிக்குப் போன் செய்தாள். மேலதிகாரி அன்று சாயங்காலமே அவளை டாக்காவுக்குப் பயிற்சிக்கு அழைத்தார். எதற்கான பயிற்சி என்று அவளுக்கும் தெரியவில்லை. போகும்போது கமருனின் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்படியாவது மடையைத் திறந்து தண்ணிய வடிச்சுடுங்க பாபி, சூல் கட்டறதுக்கு முன்னாடி” என்று மட்டும் சொன்னாள்.

பம்பு ஓடியது. வெடிப்புகள் வாயை மூடிக்கொண்டன. ஆர்சனிக் இல்லா வயல் என்ற போர்டு, ஆர்சனிக் தண்ணீரில் தலைகீழாக, அழகாகத் தெரிந்தது.

மந்திரி வரவில்லை. வெளிநாட்டில் தண்ணீர் பற்றி ஒரு மாநாடு இருந்ததாம். இன்னொரு நாள் குறித்தார்கள். அன்றைக்கு அவருக்குச் சளி. பிறகு ரோடு சரியில்லை என்று ஒரு தள்ளல், ரோடு போட்டதும் ரோட்டைத் திறக்கவே வேறு ஊருக்குப் போனதாக ஒரு தள்ளல். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் வயலிலேயே தேங்கி நின்றது. எந்த நேரமும் வரலாமே.

கமருன் புருஷனைக் கூட்டிக்கொண்டு சேர்மன் வீட்டுக்குப் போனாள். அவர் பொன்குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவருக்குப் பௌமா, மருமகள்.

“சாப், இவரு கையைப் பாருங்க. இந்த ஒரு வெள்ளாமை நல்ல சோறாப் போடணும்னுதான் காயவச்சேன். தண்ணிய வடிச்சிடுங்க. மந்திரி வர்ற அன்னிக்குக் காலையில நானே குடத்துல மொண்டு ரொப்பிடறேன்.”

“உனக்கு விவரம் பத்தாது பௌமா. மந்திரி சொல்லிட்டா வருவாரு? நாமதான் எப்பவும் தயாரா இருக்கணும். அதுக்குப் பேருதான் நிர்வாகம்.”

“நெல்லு சூல் கட்டப் போவுது சாப்.”

“கட்டட்டுமே. புள்ளத்தாச்சிக்குத் தண்ணி கொடுக்காமயா இருப்பாங்க?”

இந்த வாசகம் அவருக்கே பிடித்துப் போயிற்று. அன்று மாலை டீக்கடையில் ஒரு தடவையும், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஒரு தடவையும் சொன்னார். அன்று சேர்மன் வீட்டில் இத்ரிஸ் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டே நின்றான். காட்டத்தான் அழைத்துப் போனாள். அவனுக்கு வெட்கம்.

இருக்கிற பச்சை போதாது, போட்டோவில் கறுத்த பச்சையாகத் தெரிய வேண்டும் என்று அடுத்த யோசனை. குளத்தில் அழுகிக் கிடந்த ஆகாயத்தாமரையும் கோழிப்பண்ணைக் கழிவும் வண்டி வண்டியாக வந்து இறங்கின. அதற்கு “இயற்கை வேளாண்மை” என்று இன்னொரு சின்ன போர்டு. மண்ணுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த கோடிக்கணக்கான ஜீவன்களுக்குப் பந்தி விரித்தாகிவிட்டது. மந்திரிக்கு முன்னால் அவை சாப்பிட உட்கார்ந்தன.

கமருன் விடியற்காலையில் போய் மடையை வெட்டி விடுவாள். வெயில் ஏறுவதற்குள் கெராமத் அடைத்துவிட்டுப் பம்பைப் போடுவான். பல நாள் இப்படி. ஒருநாள் அவள் வெட்டும்போதே அவன் மண்வெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

“நீ வெட்டினா நான் அடைக்கணும் பாபி. ரெண்டு பேருக்கும் தூக்கம் கெட்டுது. நீ வெட்டாம இரு, நானும் தூங்கறேன்.”

“உனக்கு இவரு கை மாதிரி வந்தாத்தான் தெரியும்டா.”

கெராமத் மண்வெட்டியை வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினான். நடுவில் நாலைந்து இடத்தில் தோல் கடலைப்பருப்பு அளவுக்குத் தடித்திருந்தது.

கமருன் குனிந்து பார்த்தாள். “அப்புறமும் அடைக்கிறியே.”

“நான் அடைக்கலைன்னா வேற ஆளு அடைப்பான். அவன் உன்னைப் பத்தி சாப்கிட்ட சொல்லியும் வைப்பான்.” சொல்லிவிட்டு மண்ணை வெட்டிப் போட்டு மடையை அடைத்தான். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நெல் தண்ணீரிலேயே சூல் கட்டியது, தண்ணீரிலேயே கதிர் விட்டது. மற்ற வயல்களில் கதிர்கள் பால் பிடித்துக் கனத்து மெல்ல மெல்லத் தலை சாய்ந்தன. மாதிரி வயலில் ஒரு கதிரும் சாயவில்லை. அத்தனையும் விறைத்து வானத்தைப் பார்த்து நின்றன. மண்ணுக்குள் அவிழ்ந்த விஷத்தைச் சில பாக்டீரியா வேறு உருவத்துக்கு மாற்றிவிடும், அது கதிருக்கு ஏறினால் மணி பிடிக்காது என்று லுத்ஃபா முன்பே சொல்லியிருந்தாள். கமருன் ஒரு கதிரை உருவி நசுக்கினாள். பதர். இன்னொன்றும் பதர். பத்து உமிக்கு நடுவே ஒரு மணி, அதுவும் பாதி.

மந்திரி வந்தார்.

பந்தல், மைக், பள்ளிப் பிள்ளைகள், மாலை எல்லாம் இருந்தன. சேர்மன் இத்ரிஸுக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை வாங்கிக் கொடுத்திருந்தார், பேண்டு வாத்தியக்காரர்கள் போடுகிற மாதிரி. நடுவிரலுக்குள் பஞ்சு அடைத்திருந்தது. “நோயாளின்னு தெரியணும். ஆனா அருவருப்பா இருக்கக் கூடாது” என்றார்.

மந்திரி வயலைப் பார்த்து அசந்துவிட்டார். “எத்தனையோ வயல் பார்த்திருக்கேன். எல்லாம் தலை குனிஞ்சு நிக்கும். இந்த நெல்லுக்கு மட்டும் என்ன ஒரு நிமிர்வு!”

“உங்களுக்கு சல்யூட் அடிக்குது சார்” என்றார் சேர்மன்.

பந்தலில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயிகள். நிமிர்ந்த கதிருக்குள் என்ன இருக்கும் என்று எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன், சத்தம் வருகிற மாதிரி. மந்திரி தம் பேச்சில், இந்த தேசமும் இந்த நெல்லைப் போல நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றார். அதற்கும் தட்டினோம்.

அடுத்தது நபான்னோ, புதுநெல் விருந்து. ஆர்சனிக் இல்லா அரிசியில் வைத்த பாயசத்தை மந்திரி தம் கையால் ஆர்சனிக் நோயாளிக்கு ஊட்டுவது என்று நிகழ்ச்சி நிரல். அதற்காக முதல் நாளே வயலில் ஒரு பகுதியை அறுத்துக் கமருனிடம் கொடுத்திருந்தார்கள். முறத்தில் போட்டுத் தூற்றியபோது பெரும்பகுதி காற்றோடு போயிற்று. மிச்சம் ஒரு சட்டிப் பாயசத்துக்குத்தான் வந்தது. பேரீச்சை வெல்லம், பால், பட்டை, ஏலக்காய் எல்லாம் சேர்மன் வீட்டிலிருந்து வந்தன. வாசனைக்கு ஒரு குறையும் இல்லை.

மந்திரி கரண்டியை எடுக்கக் கை நீட்டினார். கமருன் சட்டியைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“மன்னிக்கணும் சாப். எங்க ஊருல விருந்தாளி வாயில வைக்காம வீட்டு ஆம்பள கை நனைக்கிறதில்ல.” ஒரு தட்டில் பாயசத்தை வைத்து இரண்டு கையாலும் நீட்டினாள். முக்காடு நெற்றி வரைக்கும் இறங்கியிருந்தது. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. “நீங்க முதல்ல.”

வழக்கம் வழக்கம்தான். பந்தலில் இருந்த கிழவர்கள் எல்லாம் தலையை ஆட்டினார்கள். மந்திரி தட்டைப் பார்த்தார். அவருடைய உதவியாளர் காதருகே குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியாக, “சாருக்குச் சர்க்கரை” என்றார்.

“அப்ப நம்ம சேர்மன் சாப்.”

“எனக்கும் சர்க்கரைதான் பௌமா. மறந்துட்டியா?”

போன வாரம் டீக்கடையில் ரசகுல்லா ஜீராவைக் கிண்ணத்தோடு குடித்தவர். கமருன் தட்டை உதவியாளர் பக்கம் நீட்டினாள். அவருக்கும் இருந்தது. அவருக்கு அடுத்து நின்ற அதிகாரிக்கு லேசாகத்தான், ஆனால் டாக்டர் கண்டிப்பானவர். ஒரு மேடையில் இத்தனை சர்க்கரை வியாதிக்காரர்கள் கூடியதை நாங்கள் பார்த்ததில்லை.

பின்வரிசையில் லுத்ஃபா நின்றிருந்தாள். பயிற்சியிலிருந்து அன்றைக்கு மட்டும் அனுப்பியிருந்தார்கள், போட்டோவுக்கு. மந்திரி அவளைக் கண்டு, “நீங்கதானே விஞ்ஞானி? வாங்க, நீங்க சாப்பிடுங்க” என்றார்.

“இந்த அரிசியை இன்னும் சோதிக்கல சார்” என்றாள் லுத்ஃபா. “சோதிக்காம நான் சாப்பிட மாட்டேன். அவரும் சாப்பிடக் கூடாது.”

 சேர்மன்தான் முதலில் சிரித்தார். “ஆபாவுக்கும் சர்க்கரை!” மைக் அருகில் இருந்ததால் சிரிப்பு ஊர் முழுக்கக் கேட்டது. உடனே எல்லோரும் சிரித்தார்கள்.

தட்டு கமருனின் கையிலேயே இருந்தது. போட்டோக்காரன், “சீக்கிரம், வெளிச்சம் போகுது” என்றான். மந்திரி கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது இத்ரிஸ் எழுந்து வலது கையுறையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு, அவளிடமிருந்து தட்டை வாங்கினான்.

“கொடு. இத்தனை பேர் நிக்கிறாங்க.”

“வேணாம்ங்க.”

“சோத்தை எத்தனை நாழி கையில வச்சிக்கிட்டு நிப்ப? நீ நட்ட நெல்லுதானே.”

மந்திரி அவசரமாகக் கரண்டியைப் பிடித்து அவன் வாயருகே கொண்டு போனார். படம் எடுத்தார்கள். மந்திரி போன பிறகும் இத்ரிஸ் உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிட்டான். சோற்றைக் கீழே போட அவனுக்கு வராது. எங்கள் யாருக்கும் வராது. கமருன் பக்கத்தில் நின்று தரையில் சிந்தியிருந்த இரண்டு பருக்கையைப் பொறுக்கினாள். பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் விரலிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. நோயாளி முகத்தில் புன்னகை என்று போட்டிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் பாயசம் சுட்டுவிட்ட முகம்.

வயலை அறுத்தார்கள். நெல்லைவிட வைக்கோல்தான் தேறியது. வைக்கோலை மாடு தின்றது, சாணியைக் கமருன் வறட்டி தட்டி அடுப்பெரித்தாள். அந்த அடுப்பில்தான் அந்த வருஷச் சோறு வெந்தது. பக்கத்து வயல் நெல். வேறு சோறு எங்களுக்கு இல்லை.

ஒரு தட்டுப் பாயசத்தால் ஆனது என்று யாரும் சொல்ல முடியாது. அவன் பிறந்ததிலிருந்து தின்றது அது. ஆடி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் இத்ரிஸின் இடது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்தார்கள். எடுத்தவர் அதே டாக்டர்தான். இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சேர்மனுக்கு அந்த வருஷம் சிறந்த நீர் நிர்வாகத்துக்கான கேடயம் கிடைத்தது. போர்டைக் கழுவித் துடைத்தார்கள். அடுத்த போரோவுக்கு மாதிரி வயலை இரண்டு மடங்காக்குவது என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கும் ஒரு மந்திரி வருவார்.

மழை விட்ட ஒரு மத்தியானம் கெராமத் கமருன் வீட்டு முற்றத்தில் வந்து நின்றான்.

“பாபி, அந்தக் கையுறையை சாப் வாங்கிட்டு வரச் சொன்னாரு. அடுத்த நிகழ்ச்சிக்கு வேணுமாம்.”

கமருன் உள்ளே போய்க் கொண்டு வந்து கொடுத்தாள். துவைத்து மடித்து வைத்திருந்தாள். நடுவிரலில் அடைத்த பஞ்சு இன்னும் அப்படியே இருந்தது.

“இந்தத் தடவை யாரை உக்கார வைக்கப் போறாங்களாம்?” என்று உள்ளேயிருந்து இத்ரிஸ் கேட்டான்.

கெராமத் பஞ்சை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, கையுறையைத் தன் கையில் மெதுவாக மாட்டி, விரல்களை ஒருதரம் மடக்கி நீட்டிப் பார்த்தான்.

“அளவு சரியாத்தான் இருக்கு” என்றான்.